அக்காவுக்கு ரத்தம் ஏறியபோது

எங்கள் மலையில் பெண்களுக்கு எது வந்தாலும் ஒரே பெயர்தான். தலை சுற்றினால் ரத்தம் கம்மி. கை கால் ஓய்ந்தால் ரத்தம் கம்மி. மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால், பிள்ளை பெற்றபின் முடி கொட்டினால், கோபம் வந்து கத்தினால்கூட ரத்தம் கம்மி. சொல்பவர் தலையை ஆட்டுவார், கேட்பவர் தலையை ஆட்டுவார், பேச்சு முட்டைக்கோஸ் விலைக்குப் போய்விடும். இந்த இரண்டு வார்த்தையை யாராவது என் முன்னால் சொன்னால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அக்காவுக்கும் ரத்தம் கம்மி. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்திலேயே கம்மி, இரண்டு பிள்ளை பெற்றபோதும் கம்மி. தோட்டத்தில் மிஷின் வந்து, மிஷினைப் பிடிக்க வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு, அவள் கொழுந்து வேலையை விட்டுவிட்டுக் கியா பார்மில் சாலையோரம் கடை போட்டாள். வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஸ்ட்ராபெரி. கடை என்றால் ஒரு மேசையும் தகரக் கூரையும்தான். மீதி எல்லாம் அவள் குரல். சுற்றுலாக்காரர்களின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மலாய் மொழியா, சீனமா, ஆங்கிலமா என்று முடிவு செய்துவிடுவாள். காடி என்று நாங்கள் சொல்லும் காரின் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் உள்ளே இருப்பவர் காதில் விழும்படி "மாரி மாரி, மானிஸ்!" என்று கூப்பிடுவாள். வாங்க வாங்க, இனிக்கும் என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் வீட்டில் யாருக்கும் சாதாரணமாகப் பேசத் தெரியாது என்று நான் கேலி செய்வேன். அதற்கும் கத்தித்தான் பதில் சொல்வாள்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிரிஞ்சாங்கில் குடியிருக்கிறேன். அக்காவும் மாமாவும் இன்னும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள், ஏனென்றால் மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் காயவைக்கும் பகுதியில் வேலை. நல்ல மனிதர். குடி இல்லை, சிகரெட் இல்லை, அக்காவைத் தவிர யாருக்கும் பயப்படமாட்டார். அவரிடம் ஒரே குறை, எந்தச் செய்தியிலும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் கேட்பார்.

ஒரு தீபாவளிக்கு அவர்கள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுதான் நான் கவனித்தேன். அக்கா ஆட்டுக்கறியை ஓரமாக ஒதுக்கினாள். தோசையை ரசத்தில் ஊறவைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டு, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாள். நாங்கள் எல்லாரும் கை கழுவிப் பாயசத்துக்குப் போன பிறகும் அவள் இலையில் பாதி தோசை கிடந்தது.

"என்னக்கா, பிடிக்கலியா?"

"பல்லு சரியில்லடி. மெல்ல முடியல."

பல்லுக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்? வாயைத் திற என்றேன். திட்டிக்கொண்டே திறந்தாள். உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. நாக்கு சொரசொரப்பே இல்லாமல் சிவந்து வழவழவென்று இருந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். மாமா முந்திக்கொண்டார். "அது கெடக்குது லா, ரொம்ப நாளா. ரத்தம் கம்மி அவளுக்கு." அக்கா தலையை ஆட்டினாள்.

அந்த வாரமே அவளைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன், மாமாவும் கூட வந்தார். அங்கே இருந்த டாக்டர் நம்ம பெண்தான், வயதில் சின்னவள், பொறுமைசாலி. ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தாள். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு. உடம்பில் இரும்புச் சத்துச் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை.

"மாத்திர தரேன், ஆன்ட்டி. ஆனா அது மட்டும் பத்தாது," என்றாள். "ரத்தம் கொறயறதுக்கு நூறு காரணம் இருக்கு. ரத்தமும் கொறஞ்சு, முழுங்கவும் முடியலன்னா, தொண்டய உள்ள பாத்தே ஆகணும். மலைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். சின்ன கொழாய் விட்டுப் பாப்பாங்க. தள்ளிப் போடாதீங்க."

"புத்துநோயா இருக்குமோன்னு பாக்கவா?" என்று நான் கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"ரொம்ப வருசமா இரும்புச் சத்து இல்லாம இருக்கற பொம்பளைங்கள்ல சிலருக்கு தொண்டைக்குள்ள மெல்லிசா சவ்வு வளரும், டீச்சர். அதனாலதான் முழுங்க முடியாது. அந்த மாதிரி உள்ளவங்கள்ல சிலருக்கு அந்த எடத்துல புத்து வரலாம். எல்லாருக்கும் இல்ல. பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

காடியில் திரும்பி வரும்போது மாமா பின்சீட்டிலிருந்து சொன்னார். "எட்டுதானாம். பத்துக்கு மேல போய்ட்டா ஒன்னும் பயமில்ல."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொன்னேன், அப்படிச் சொல்லவில்லை என்று. "அதான் லா அர்த்தம்," என்றார் அவர்.

அன்றிலிருந்து என் அக்காவின் வியாதிக்கு எட்டு என்று பெயர். சொந்தக்காரர்கள் போன் போட்டால் எட்டு. கோயிலில் பார்த்தால் எட்டு. தொண்டையைப் பற்றி ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. தொண்டை என்று சொன்னால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வார்த்தைக்குப் பயந்து எல்லாரும் எட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எட்டை ஏற்றலாம். எட்டுக்கு வைத்தியம் உண்டு.

எட்டை ஏற்ற ஊரே கிளம்பியது. திரிங்காப்பில் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா லோரியில் ஒரு மூட்டை பீட்ரூட் போட்டு அனுப்பினார். பக்கத்து வீட்டம்மா முருங்கைக் கீரையை எங்கிருந்தோ வரவழைத்தாள். பேரீச்சம்பழம், மாதுளை, ஆட்டு ஈரல், சுவரொட்டி. பிரிஞ்சாங்கில் பவுடர் விற்கும் ஒரு பெண் வீடு தேடி வந்து, அந்த வார்த்தையைக் கூசாமல் சொல்லி, புற்று உள்ளவர்களின் ரத்தத்தில் செலினியம் குறைவாக இருக்கும், துத்தநாகம் குறைவாக இருக்கும், இந்த டப்பாவில் எல்லாம் இருக்கிறது என்று போனில் படம் படமாகக் காட்டினாள். மாமா வாங்கி அலமாரியில் அடுக்கினார். அக்கா வீட்டு அடுக்களை காய்கறிக் கடை மாதிரி ஆனது. இதில் எதையும் அவளால் விழுங்க முடியாது என்ற ஒரு சின்ன விஷயம்தான் யாருக்கும் தோன்றவில்லை. விழுங்க முடியாதவளுக்கு ஈரல் வறுவல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாப்பிடு, அப்பத்தான் ரத்தம் ஊறும்" என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மரியாதைக்காக ஒரு துண்டை வாயில் அதக்கிவைத்து, அவர்கள் போன பிறகு துப்புவாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வந்தது.

ஆனால் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தால் அதே எட்டுக்குப் பக்கத்தில். கிளினிக்கில் மாத்திரையை மாற்றினார்கள். அப்போதும் அசையவில்லை. மாமா என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் லயத்துக்குப் போனேன். அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே பனி இறங்கி, குழாயில் வரும் தண்ணீர் கையை வெட்டியது. அவள் மாத்திரையை நாக்கில் வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேத்தண்ணியைக் கறுப்பாக ஒரு கோப்பையில் ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க ஒரு மடக்குக் குடித்து, மாத்திரையை உள்ளே தள்ளினாள். பிறகு ரொட்டியை அதே தேத்தண்ணியில் முக்கிப் பசியாற ஆரம்பித்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா, தெனமும் இப்படித்தான் முழுங்குவியா?"

"பின்ன? பச்சத் தண்ணில முழுங்குனா தொண்ட கட்டிக்கும் லா. கடையில யாரு கத்துவா?"

தினமும்தான். இந்த மாத்திரையை மட்டுமல்ல. பிள்ளை உண்டாகியிருந்தபோது கொடுத்த சத்து மாத்திரையிலிருந்து கிளினிக்கில் கொடுத்த ஒவ்வொன்றும், எங்கள் தோட்டத்தில் ஒவ்வொருத்தியும் விழுங்கிய ஒவ்வொன்றும், தேத்தண்ணியில்தான் இறங்கியிருக்கிறது. இங்கே விடிந்ததும் சுடுவது தேத்தண்ணி ஒன்றுதான். சோற்றோடு தேத்தண்ணி, பலகாரத்தோடு தேத்தண்ணி, உபாட், அதாவது மருந்து, விழுங்கவும் தேத்தண்ணி. அதுவும் மாமா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் தூள், கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். தேயிலையின் துவர்ப்பு இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. இதை நான் படித்திருக்கிறேன். கிளினிக்கில் சொல்லியும் இருப்பார்கள். யார் காதில் வாங்கினார்கள்?

நான் விளக்கினேன். விளக்கினேன் என்பது கௌரவமான வார்த்தை, கத்தினேன். அக்கா ரொட்டியைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். மாமா உள்ளேயிருந்து வந்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"டீச்சர், தேயில மேல மட்டும் பழி போடாத," என்றார். "நீ படிச்சதே அதுலதான்."

"நான் பழி போடல மாமா. மாத்திரயோட குடிக்காதீங்கன்னு சொல்றேன். முன்ன பின்ன குடிச்சுக்கட்டும். இவ்வளவு சூடா ஊத்திக்கவும் வேணாம், தொண்டைக்கு அதுவும் நல்லதில்ல."

"ஆறிப்போன தேத்தண்ணிய மனுசன் குடிப்பானா?" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் வாதம் செய்ய முடியாது.

ஆனால் அக்கா கேட்டுக்கொண்டாள். அவள் கத்துவாளே தவிர, சொன்னதைச் செய்கிறவள். அடுத்த நாளிலிருந்து மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் விழுங்கினாள். சாப்பிட்டு வெகுநேரம் கழித்துத்தான் தேத்தண்ணி. தலை வலிக்கிறது, வாய் கசக்கிறது, உலகமே வெறுத்துப்போகிறது என்று எனக்குப் போன் போட்டுத் திட்டினாள். ஆனால் செய்தாள்.

ரத்தம் ஏறியது. ஒன்பதானது, பத்தானது, அதைத் தாண்டியது. உதட்டோர வெடிப்பு ஆறியது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. மாமா கோயிலில் அர்ச்சனை செய்து, லயம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அக்கா நெய்யில் மிதந்த பொங்கலை நன்றாக மசித்து விழுங்கினாள். பொங்கல் யாருக்குத்தான் இறங்காது? அதைப் பார்த்து எல்லாரும், "பாரு, முழுங்கறா" என்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்க்கும் நாள் வந்தது. பள்ளி விடுமுறைக் காலம். நான் காலையில் காடியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "ரெண்டு பேரும் கடைக்குப் போய்ட்டாங்களே" என்றாள். விடுமுறை என்றால் எங்கள் சாலை உங்களுக்குத் தெரியாது. பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரைக்கும் காடிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டிருக்கும். அந்த நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருந்த கோபத்தில் சோளத்தை அடுப்பில்லாமலே வேகவைத்திருக்கலாம்.

அக்கா மேசைக்குப் பின்னால் நின்று ஆவியில் சோளத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மாமா சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்ட்ராபெரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"இன்னிக்கு எங்கக்கா போகணும் நீ?"

"வந்துட்டியா? மாமா போன் போட்டு தள்ளி வச்சிட்டாரு. ஒனக்கு சொல்லச் சொன்னேனே, சொல்லலியா?"

"எதுக்குத் தள்ளி வச்சீங்க?"

"ரத்தந்தான் ஏறிருச்சே லா. இன்னும் எதுக்கு அந்த கொழாய வாய்ல விட்டுக்கிட்டு? நெனச்சாலே கொமட்டுது. லீவு நாள்ல கடைய மூட முடியுமா?"

"ஒனக்கு முழுங்க முடியுதா? அத மட்டும் சொல்லு."

அவள் சோளத்தைப் புரட்டினாள். "முன்னுக்கு இப்ப தேவல," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீதானடி சொன்ன, தேத்தண்ணி இல்லாம முழுங்குன்னு. நீ சொன்னதுதான் பலிச்சுருக்கு. சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு சண்டைக்கு வர்ற" என்றாள்.

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சரியான ஒன்றை நான் சொல்லி, அவளும் அதைச் சரியாகச் செய்து, அளவும் சரியாக ஏறி, அந்தச் சரியாலேயே காரியம் கெட்டது. இதற்கு நான் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? கூட்டத்துக்கு நடுவில், ரத்தம் வேறு தொண்டை வேறு என்று எனக்குத் தெரிந்தவரை கத்தினேன். ஒரு சீனக் குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனது. அக்கா அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அதன் பிறகு நான் நிறையப் படித்தேன். பள்ளியில் ஓய்வுப் பாடவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். தொண்டைப் புற்று உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தச் சத்து குறைவாக இருந்தது, அந்தச் சத்து குறைவாக இருந்தது என்று ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. இரும்பு, துத்தநாகம், செலினியம், கீரையிலும் பழத்திலும் இருக்கிற விட்டமின்கள். பவுடர் விற்ற பெண் காட்டியதும் இதைத்தான். அவள் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். ஆனால் எது முதலில் வந்தது? சத்து குறைந்ததால் புற்று வந்ததா, புற்று வந்து சாப்பிட முடியாமல் சத்து குறைந்ததா? குறைந்ததை நிரப்பினால் வந்தது போய்விடுமா? அந்த இடத்தில் மட்டும் எல்லாப் பக்கமும் நழுவிவிடும். தொடர்பு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய வேண்டும். ஆராயட்டும். அதுவரைக்கும் என் அக்கா என்ன செய்வாள்?

நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லித் தருகிறேன். இரண்டு தொட்டியில் பச்சைப் பயறு போடச் சொல்வேன். ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்றை வெயிலில் வை, ஒன்றை அலமாரிக்குள் வை. எது மாறுகிறதோ அதுதான் காரணம் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒருநாள் அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றியது, இன்னொரு தொட்டி நான்தான். ஒரே அம்மா, ஒரே லயம், ஒரே தேத்தண்ணி. எனக்கும் பலமுறை ரத்தம் கம்மி என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்கி வளர்ந்தவள்தான். எனக்கு ஆட்டுக்கறி இறங்குகிறது. அவளுக்கு ஏன் இறங்கவில்லை? கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கவில்லை.

தள்ளிவைத்த நாளுக்குப் பதில் வேறு நாள் கிடைக்கத் தாமதமானது. அதற்குள் அக்காவுக்குக் காது வலித்தது. காதில் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு குரல் கம்மியது. மழையில் கத்தியதால் என்றார்கள். கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவு ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. மாமா மறுபடியும் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பதினொன்று. "பதினொன்னு இருக்கே?" என்று என்னையே கேட்டார். அவர் கண்ணில் பயம் இருந்தது. பிடித்துக்கொள்ள அவருக்கு அந்த எண் ஒன்றுதான் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் கோபம் குறையவில்லை.

கடைசியில் கீழே இறங்கினோம். வளைவுக்கு வளைவு அக்கா பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மாமா காடியை நிறுத்தி, "கொஞ்சம் காத்து வாங்கு" என்றார். "ஒங்களாலதான் லேட்டாவுது, ஏறுங்க!" என்று அவள் அந்தக் கம்மிய குரலிலும் ஒரு கத்துக் கத்தினாள். ரோட்டோரம் டுரியான் பழம் விற்றவன் திரும்பிப் பார்த்தான். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் கடைசி.

உணவு இறங்கும் குழாயின் வாயில், குரல்வளைக்குப் பின்னால், கட்டி இருந்தது. சதை எடுத்துப் பரிசோதித்து, புற்று என்று உறுதி செய்தார்கள். பழைய சவ்வின் அடையாளமும் அதே இடத்தில் தெரிந்ததாம். அந்தப் பெரிய டாக்டர் கிளினிக் டாக்டர் சொன்னதையேதான் சொன்னார். நெடுங்காலம் இரும்புச் சத்துக் குறைந்த பெண்களிடம் இப்படிப் பார்த்திருக்கிறோம், இதுதான் காரணம் என்று இவர் விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. ரத்தம் சரியான பிறகும் தொண்டையைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரத்தம் இப்ப நல்லா இருக்கே டாக்டர்," என்றார் மாமா.

"நல்லதுதான். ஆப்பரேசன் தாங்குவாங்க," என்றார் டாக்டர்.

முதலில் கொடுத்த நாளிலேயே வந்திருந்தால், குரல்வளையைத் தொடாமல் முடித்திருக்கலாமா என்று நான் கேட்டேன். "சொல்ல முடியாது, டீச்சர்," என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆமாம் என்றிருந்தால் மாமாவைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அக்கா கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். கொஞ்ச நாள் மூக்கில் குழாய் வைத்துச் சத்துப் பாலை ஊற்றினார்கள், பிறகு கஞ்சி இறங்கியது. பேசுவதற்கு ஏதோ கருவி இருக்கிறது, கதிர்ச் சிகிச்சை முடிந்து காயம் ஆறட்டும், பழகிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதுவரை அவளுக்குச் சத்தம் என்றால் கை தட்டுவதும், கரண்டியால் மேசையைத் தட்டுவதும்தான். கடை மூடிக் கிடக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் என்னைப் பார்த்து, "அங்க இப்ப ரொம்ப அமைதியா இருக்கு, டீச்சர்" என்றார். பாவம், அவருக்கு வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போனேன். முந்தைய வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பதில் வந்திருந்தது. அக்கா மேசையருகே உட்கார்ந்து கஞ்சியை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று தேத்தண்ணி, ஆறவைத்தது. மாமாதான் ஆற்றி வைக்கிறார், இப்போதெல்லாம் சொல்லாமலே.

போன் வந்தது. திரிங்காப் சித்தப்பா. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா சித்தப்பா! ரத்தம் பன்னெண்டுக்கு மேல வந்துருச்சு லா. இரும்புச் சத்து, மத்த சத்து எல்லாம் நார்மலாம். இந்த மாதிரி அவளுக்கு என்னிக்குமே இருந்ததில்ல. இனி ஒன்னும் பயமில்ல."

"அப்பாடா. ரத்தம் நல்லாருந்தா போதும்."

அக்கா கரண்டியால் மேசையைத் தட்டினாள். ஒரு தடவை, பிறகு வேகமாக இரண்டு மூன்று தடவை.

மாமா சிரித்தார். "கேட்டீங்களா சத்தம்? அவளும் ஆமாங்கிறா."

அவள் ஆமாம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவள் வாய் திறந்து மூடியது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறி வந்தது. பிறகு அவள் எட்டி மாமாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, இணைப்பைத் துண்டித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாமா வெறுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பேச வரவில்லை.